வெள்ளையனை ஒளித்து வைத்து வீடு பிடிக்காதே

கிழக்கு மாரெட்பள்ளி,
செகந்திராபாத்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தையின் ஆசீர்வாதம். முழங்கால் வலி எப்போதும்போல. வாட்ஸப்பில் அனுப்பினால் கட்டைவிரலை நீட்டிவிட்டுப் போய்விடுவாய் என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன். நடுவில் நிறுத்தாமல் படி.

நேற்று போனில் சொன்னாயே, புரோக்கர் கொடுத்த யோசனை. முதலில் நாயைப் பற்றி மூச்சுவிட வேண்டாம், அக்ரிமென்ட் கையெழுத்தாகி சாவி கைக்கு வந்ததும் ஒரு ராத்திரி கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று. நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒளித்துவைக்க வெள்ளையன் என்ன பூனைக்குட்டியா? நின்றால் இரண்டேகால் அடி, இருபத்தைந்து கிலோ, பால் மாதிரி வெள்ளை. தெருமுனையில் வரும்போதே தெரிகிற பிராணி. வாட்ச்மேன் பெண்டாட்டி செல்லாரில் துணி உலர்த்தப் போகும்போது பார்ப்பாள், அரை மணியில் ஐந்து மாடிக்கும் தெரிந்துவிடும். அப்புறம் வீட்டுக்காரர் கேட்கப்போவது நாயைப் பற்றி அல்ல. "ஏன் மறைத்தாய்?" என்று கேட்பார். தனியாக இருக்கிற பெண்ணிடம் அந்தக் கேள்வி எங்கெங்கே போகும் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

இதுவரை பார்த்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் "குக்க உந்தா? வத்தம்மா", நாயா, வேண்டாம் என்று கதவைச் சாத்தினார்கள் என்று உனக்குக் கோபம். நியாயமான கோபம்தான். ஆனால் அவர்கள் பக்கம் என்ன இருக்கிறது என்பதையும் பார். இந்த ஊரில் 2023 ஜனவரியில் பஞ்சாரா ஹில்ஸில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. சாப்பாடு கொண்டுவந்த பையன், 23 வயது. கதவு திறந்ததும் வீட்டிலிருந்த ஜெர்மன் ஷெப்பர்ட் பாய்ந்துவிட்டது. பயந்து ஓடி மூன்றாவது மாடியிலிருந்து குதித்தான், ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். அடுத்த மாதமே அம்பர்பேட்டையில் நாலு வயதுக் குழந்தையைத் தெருநாய்கள் குதறிக் கொன்றன. அந்த வீடியோவை ஊரே பார்த்தது. மே மாதம் மணிகொண்டாவில் டெலிவரிக்கு வந்த இன்னொருவர், ஒரு டாபர்மேனுக்குப் பயந்து மறுபடி மூன்றாவது மாடியிலிருந்து குதித்தார். அவர் பிழைத்தார். ஐந்தே மாதத்தில் இத்தனையும். தெருநாய் வேறு, வீட்டுநாய் வேறு என்று நீ வாதாடலாம். டூ-லெட் போர்டு மாட்டியவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

போதாததற்கு 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இன நாய்களை ஆபத்தானவை என்று பட்டியல் போட்டுச் சுற்றறிக்கை அனுப்பியது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. ரத்தானது யாருக்கு ஞாபகம் இருக்கிறது? "பெரிய நாய்களை கவர்மென்டே தடைபண்ணிவிட்டது" என்பதுதான் மனதில் நின்றது. ராட்வைலர் அந்தப் பட்டியலில் இருந்தது, நம் வெள்ளையனின் ராஜபாளையம் ஜாதி இல்லை. இதை நீ வீட்டுக்காரரிடம் பொறுமையாகச் சொல்லலாம். சண்டை பிடிக்கிற குரலில் சொல்லாதே.

நீ அனுப்பிய தீர்ப்பையும் படித்தேன். ரயில்வே ஆபீஸில் அத்தனை வருஷம் ஃபைல் படித்தவளுக்குக் கண்ணாடி மாற்றினால் இப்போதும் படிக்க முடியும். 2015-ல் விலங்குகள் நல வாரியம் கொடுத்த வழிகாட்டுதல் தெளிவாகத்தான் இருக்கிறது: அபார்ட்மென்ட் சங்கம் நாய் வளர்க்கக் கூடாது என்று விதி போட முடியாது, சின்ன நாய் சரி, பெரிய நாய் கூடாது என்று பிரிக்க முடியாது, லிஃப்டில் ஏற்றாதே என்று சொல்லவும் முடியாது, அதற்குத் தனிக் காசும் வாங்க முடியாது. 2021-ல் கேரள உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட சங்க விதிகள் செல்லாது என்றே சொல்லிவிட்டது. அந்த வாரியத்தை 1962-ல் மெட்ராஸில் தொடங்கி நடத்தியதே நம் ருக்மிணி தேவி அருண்டேல்தான். அவர் மாநிலங்களவையில் தனி மசோதா கொண்டுவந்து விடாப்பிடியாக நின்ற பிறகுதான் 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டமே வந்தது. பரதநாட்டியத்தோடு அவரை நிறுத்திவிடுகிறோம்.

ஆனால் பாப்பா, இதெல்லாம் சங்கத்தின் வாயை அடைக்கும். வீட்டுக்காரரை என்ன செய்யும்? நாய் வைத்திருக்கிறவளுக்கு உன் வீட்டைக் கொடுத்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தாது. வீடு அவருடையது, அக்ரிமென்டும் அவர் சம்மதம் இருந்தால்தான். நாய் கூடாது என்று அதில் ஒரு வரி எழுதி, நீ படிக்காமல் கையெழுத்துப் போட்டால் அப்புறம் நீதிமன்றத் தீர்ப்பைச் சட்டம்போட்டு மாட்டினாலும் பயன் இல்லை. அந்த வரி இல்லை என்றே வைத்துக்கொள். அக்ரிமென்ட் பதினோரு மாசம்தான். பதிவுசெய்யும் தொல்லை வேண்டாம் என்று எல்லோரும் பதினொன்றோடு நிறுத்துகிறார்கள். பதினோராம் மாசம் அவர் சண்டையே போட வேண்டாம். "பையன் அமெரிக்காவிலிருந்து வருகிறான்" என்று ஒரு வார்த்தை. இந்த ஊரில் வீட்டைக் காலி செய்ய வைக்க அமெரிக்காவிலிருந்து வருகிற பையன்கள் மட்டும் எத்தனை பேர்!

உங்கப்பனும் இதில் வாயைத் திறந்திருக்கிறான். ஷாமீர்பேட்டைப் பக்கம் யாரோ தெரிந்தவரின் பண்ணையில் விட்டுவிடலாம், "பிராக்டிகலாக யோசி" என்றானாம். நீ அழுதாய் என்று உன் அம்மா சொன்னாள். அழாதே. பண்ணையில் விடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கூலிக்காரன் சங்கிலியில் கட்டிப்போட்டு ஒருவேளை சோறு வைப்பான். ராஜபாளையம் ஒரே ஆளோடு ஒட்டுகிற ஜாதி. ஆளை மாற்றினால் உடைந்துபோகும். அதிலும் வெள்ளையனுக்கு ஒரு காது கேட்காது. தொட்டு எழுப்பினால் திடுக்கிட்டுப் பாய்வான் என்று தெரியாத யாராவது தொட்டால் போதும், கடிநாய் என்று பட்டம் கட்டி அடித்தே கொன்றுவிடுவார்கள்.

"பிராக்டிகல்" என்ற வார்த்தையை உங்கப்பன் வாயிலிருந்து கேட்டாலே எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது. மேற்கு மாரெட்பள்ளி வீட்டை டெவலப்மென்ட்டுக்குக் கொடுத்தபோதும் இதைத்தான் சொன்னான். நீ அப்போது பிறக்கவில்லை, உனக்குத் தெரிந்ததெல்லாம் ஆல்பத்தில் இருக்கிற படிக்கட்டு மட்டும்தான். அது எப்படிப்பட்ட வீடு! பின்னால் கிணறு, பக்கவாட்டில் கொய்யா, முன்னால் வேம்பு, வாசலில் இருந்து கேட் வரைக்கும் வண்டி திரும்புகிற இடம். அந்த இடம் முழுக்க எங்கள் நாய்கள் ஓடின. ஒன்றையும் கட்டிப்போட்டதில்லை. தபால்காரர் கேட்டில் மணி அடிப்பார், யாராவது போய் வாங்குவோம், அவ்வளவுதான் பாதுகாப்பு. தாத்தா போன பிறகு பில்டர் வந்தான். கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டார்கள், யோசனை கேட்கக் கூப்பிடவில்லை. "உனக்கென்ன அக்கா, உனக்குத்தான் ரயில்வே குவார்ட்டர்ஸ் இருக்கிறதே" என்றான் உங்கப்பன். போட்டேன். இரண்டு ஃப்ளாட் உங்களுக்கு, ஒன்று சித்தப்பாவுக்கு. எனக்கு ஒரு பட்டுப்புடவை, அதுவும் அரக்கு நிறம். எனக்கு அரக்குப் பிடிக்காது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வேம்பை வெட்டின இடத்தில் இப்போது டிரான்ஸ்பார்மர் நிற்கிறது. சங்கம் ஆரம்பித்ததும் அவர்கள் முதலில் எழுதி மாட்டிய போர்டு எது தெரியுமா? செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை. மூன்று தலைமுறை நாய் வளர்ந்த மண்ணில்! உங்கள் இரண்டு ஃப்ளாட்டையும் அப்புறம் உன் படிப்புக்கு என்று விற்றாயிற்று. உன் படிப்புக்கு என்பதால் அதைப் பற்றி நான் ஒன்றும் பேசுவதில்லை. ஆனால் இன்றைக்கு நீ இந்த மாரெட்பள்ளியிலேயே வாசல் வாசலாக ஏறி இறங்கி "சார், நாய் ரொம்பச் சாது" என்று கெஞ்சுகிறாய் என்றால், அதற்குக் காரணம் வீட்டுக்காரர்கள் மட்டும் இல்லை. அந்தப் பில்டர் அக்ரிமென்டையும் சேர்த்துக்கொள். இதை உங்கப்பனிடம் காட்டினாலும் சரி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கே இருப்பது என்று நீதான் முடிவுபண்ண வேண்டும். நான் எதுவும் சொல்ல மாட்டேன். புரோக்கர் சொன்ன மேற்கு மாரெட்பள்ளி மூன்றாவது மாடி ஃப்ளாட்டுக்கே போவதென்றால் போ. வெள்ளையன் ஒரு நாளைக்கு நாலு தடவை லிஃப்டில் இறங்க வேண்டும், லிஃப்டில் ஆறு பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கும், நாலு பேருக்குத்தான் இடம், அதில் ஒருத்தி கைக்குழந்தையோடு நிற்பாள். அதெல்லாம் உனக்குப் பரவாயில்லை என்றால் எனக்கென்ன. கொண்டாப்பூர் பக்கம் கேட்டட் கம்யூனிட்டிக்குப் போகிறேன் என்றாலும் சரி. அங்கே 2018-ல் மாநகராட்சி நாய்களுக்கென்றே ஒரு பூங்கா திறந்தது, ஒன்றேகால் ஏக்கருக்கு மேல் இருக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் அங்கே வாடகை என்ன என்று நீயே சொன்னாய். ராத்திரி உனக்குக் காய்ச்சல் வந்தால் யார் வருவார்கள் என்று நான் கேட்கவில்லை. புரோக்கர் மொட்டைமாடிப் பென்ட்ஹவுஸ் காட்டுவான், நாய்க்காரர்களுக்கு என்றே வைத்திருப்பான். மே மாதம் அந்தத் தளம் தோசைக்கல்லாகக் காயும், நீ ஆபீஸ் போனபின் வெள்ளையன் எங்கே படுப்பான்?

இல்லையென்றால், சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன், துகாராம் கேட் பக்கம் ஒரு கீழ் போர்ஷன் காலியாக இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். தனி வீடு, கிரில் போட்ட வராண்டா, சுற்றிலும் ஆள் உயரக் காம்பவுண்டு, பின்பக்கம் மண் தரை. மேலே வீட்டுக்காரரும் அவர் மனைவியும் மட்டும். அவர் லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் இருந்து ரிட்டையரானவர், நாய்க்குப் பயப்படுகிற ஆள் இல்லை. சமையலறை பழசு, ஒப்புக்கொள்கிறேன். குளியலறைக் கதவு மழைக்காலத்தில் இழுத்துச் சாத்த வேண்டும். செகந்திராபாத் ஈஸ்ட் மெட்ரோவுக்கு ஆட்டோ, அங்கிருந்து வண்டி மாறாமல் ராய்துர்க் வரை. நான் வாடகை பேசவில்லை. எவ்வளவு என்று மட்டும் கேட்டேன், இரண்டு மாசம் அட்வான்ஸ் போதும் என்றார், கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன், சரி என்றார். அவ்வளவுதான்.

ராஜபாளையத்துக்கு மண் வேண்டும், பாப்பா. வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த நாய். 2005-ல் இந்திய நாய்கள் நாலுக்குத் தபால்தலை போட்டார்களே, அதில் இவன் ஜாதியும் ஒன்று. அதை மொசைக் தரையில் அடைத்து வைத்தால் நகம் வழுக்கி வழுக்கிப் பின்னங்கால் கெட்டுவிடும். போன தடவை உன் ஹாலில் பார்த்தேனே, திரும்பும்போதெல்லாம் கால் நாலு பக்கமும் விரிய, சுவரில் இடித்து நின்று, ரோஸ் மூக்கை வாசற்கதவின் அடி இடுக்கில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் படுத்திருந்தான். அவனுக்கு வெளியே இருப்பதெல்லாம் அந்த விரலளவு இடுக்குதான். நீ லேப்டாப்பில் இருந்தாய்.

எந்த வீடானாலும் இதைச் செய். முதல் வார்த்தையாகவே நாயைப் பற்றிச் சொல். வாடகை, தண்ணீர், பார்க்கிங் எல்லாம் அப்புறம். ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழ், மாநகராட்சி லைசென்ஸ், நீ முன்பு இருந்த வீட்டுக்காரர் எழுதிக்கொடுத்த கடிதம், மூன்றையும் ஒரு ஃபைலில் வை. லைசென்ஸ் இன்னும் இங்கே எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே எடு. பிக்கெட் பக்கம் போனால் அது கண்டோன்மென்ட் போர்டு, ஆபீஸே வேறு, அதையும் விசாரித்துக்கொள். அக்ரிமென்டில் வெள்ளையன் பெயரோடு ஒரு வரி எழுதச் சொல், இந்த நாய் இந்த வீட்டில் இருக்க உரிமையாளர் சம்மதிக்கிறார் என்று. கதவைச் சுரண்டினால், தரை கெட்டால் அட்வான்ஸிலிருந்து பிடித்துக்கொள்ளலாம் என்று நீயே எழுதிக்கொடு. பெயிண்டிங்குக்கு என்று ஒரு மாச வாடகையை எப்படியும் பிடிப்பார்கள், நாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். வீட்டுக்காரரிடம் நாயைக் காட்டும்போது நன்றாக ஓடவிட்டு, களைத்த பிறகு, சாயங்காலம், தெருவில் வைத்துக் காட்டு. வீட்டுக்குள் காட்டாதே, உள்ளே அவன் காவல்காரன்.

இன்னொன்று. வாசலுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்ட கிரில் கேட் இல்லாத வீட்டுக்கு நீ போகவே கூடாது. இதில் மட்டும் உனக்கு முடிவுபண்ணும் உரிமை கிடையாது. கேஸ் சிலிண்டர், பால், பார்சல், சாப்பாடு, யார் வந்தாலும் முதலில் வெள்ளையன் உள்ளறையில், அப்புறம்தான் உன் கை கதவில். நீ கூப்பிட்டால் நின்றுவிடுவான் என்று நம்பாதே. கேட்கிற காது அந்தப் பக்கம் இருந்தால்தானே நிற்பான்? பஞ்சாரா ஹில்ஸ் வீட்டுக்காரரும் தன் நாய் சாது என்றுதான் நினைத்திருப்பார். பிராணியைக் கவனக்குறைவாக வைத்திருந்து ஆளுக்கு ஆபத்து வந்தால் புதுக் குற்றவியல் சட்டத்தில் 291-வது பிரிவு, ஆறு மாசம் வரை ஜெயில். ஜெயில் கிடக்கட்டும். ஒரு அம்மா பெற்ற பிள்ளை உன் வாசலில் விழுந்தால் அதற்கப்புறம் உன்னால் தூங்க முடியுமா? எனக்கு உன்னைப் பற்றித்தான் பயம். வெள்ளையனைப் பற்றி அவ்வளவு இல்லை.

என்ன இந்த அத்தை இப்படி நீட்டி முழக்குகிறாள் என்று நினைப்பாய். உன்னைத் திட்டுவதற்கு எழுதவில்லை. சென்னையிலிருந்து அவனை பிரேக் வேனில் நாய்ப்பெட்டியில் போட்டு அனுப்பாமல், முதல் வகுப்பில் கூப்பே முழுவதற்கும் உன் சம்பளத்திலிருந்து டிக்கெட் எடுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிவந்தாயே, அதை ரயில்வே ஆபீஸ் பழைய சிநேகிதிகள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டேன். தாத்தா இருந்திருந்தால் ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பார். நம் வீட்டில் இந்த மனசு உனக்கு மட்டும்தான் வந்திருக்கிறது. உங்கப்பனும் கெட்டவன் இல்லை, சின்ன வயதில் நாய்க்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் போகாமல் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தவன்தான். அவனுக்கு போன் போட்டுப் பேசு, பாவம், நீ பேசவில்லை என்று சாப்பாடு இறங்கவில்லையாம்.

அட்வான்ஸுக்குப் பணம் குறைந்தால் சொல், என் எஃப்.டி. ஒன்று முடிகிறது. திருப்பித் தர வேண்டாம். ஆவக்காய் ஒரு ஜாடி உனக்கென்று எடுத்துவைத்திருக்கிறேன், பூண்டு போடாதது. வெள்ளையனுக்கு எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று ஜெனரல் பஜாரில் வாங்கினேன், அடியில் ரப்பர் வைத்தது, தள்ளிக்கொண்டு ஓட மாட்டான். நீ ஆபீஸ் போகிற நாட்களில் மத்தியானம் நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன், முழங்காலுக்கும் நடை நல்லதாம். எந்த வீட்டுக்குப் போனாலும் பார்த்துக்கொள்வேன். துகாராம் கேட் என்றால் சுலபம்.

அந்த வீட்டுக்காரர் ஒரு ராஜு. ராஜபாளையத்து ராஜுக்கள் விஜயநகரக் காலத்தில் ஆந்திராவிலிருந்து போய்க் குடியேறியவர்கள், இந்த நாயை வளர்த்தெடுத்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு என்று நான் சொன்னேன். "அப்படியென்றால் அது எங்கள் வீட்டு நாய்தானே" என்றார் மனிதர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருப்பாராம். முதலில் பார்க் பக்கம் நன்றாக ஓடவிட்டு, ஃபைலையும் எடுத்துக்கொண்டு, வெள்ளையனோடு ஐந்தரைக்கு வந்துவிடு.

அன்புடன்,
உன் அத்தை